சம்பந்திகளின் கடைசி ஆட்டம்

1

இந்தக் கதை, என் மூக்குக் கண்ணாடியின் திருகாணி கழன்றதால் கிடைத்தது. கடைக்காரர் குனிந்து அதை முடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரோரம் ஒரு பில்லியர்ட்ஸ் குச்சி உறையோடு சாய்ந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"ஆடுவீங்களா?" என்றேன், சும்மா இருக்கமாட்டாமல்.

"ஆடுவேன். எனக்கு ஒரு சம்பந்தி இருந்தார். அவரோட."

நான் துக்கம் விசாரிக்கிற குரலை வரவழைத்துக்கொண்டு, "எப்போ தவறினார்?" என்று கேட்டேன்.

"ஐயையோ, அவர் நல்லாத்தான் இருக்கார். லிஃப்ட் மெக்கானிக். உங்க கண்ணாடியவிட கெட்டியா இருக்கார்."

அதற்குள் ஓர் அம்மாள் குழந்தையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு. 'இருந்தார்' என்றாரே தவிர, குச்சியைப் பரணில் தூக்கிப் போடவில்லை என்பதை மட்டும் நீங்களும் கவனித்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம் லேசில் அமையவில்லை.

'ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஜன்னல் வழியாகப் பச்சைத் துணியின்மேல்—' வேண்டாம். என் கதைகளில் வெயிலுக்கு வேறு வழியே தெரிவதில்லை, எப்போதும் ஜன்னல் வழியாகவே வருகிறது.

'வாழ்க்கை என்பது ஒரு பில்லியர்ட்ஸ் மேசை—' இதை எழுதிய கைக்கு அன்று காப்பி கொடுக்கவில்லை.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். நாம் மெக்கானிக் பக்கம் நிற்கப்போகிறோம். கண்ணாடிக் கடைக்காரரை எனக்குப் பாதி தெரியும். பாதி தெரிந்த ஆளைவிட முழுக்கத் தெரியாத ஆளை எழுதுவது சுலபம்.

மெக்கானிக் அவசரக்காரர். சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து ஆள் தண்ணீர் குடிப்பதற்குள் கை கழுவிவிடுவார். பில்லியர்ட்ஸ் ஆட்டமும் அப்படித்தான்: கண்ணில் பட்ட பந்து குழியில் விழவேண்டும், விழாவிட்டால் அடுத்த பந்து. அவருடைய மகளுக்கும் கண்ணாடிக் கடைக்காரரின் மகனுக்கும் கல்யாணம் பேசிய அன்று, உள்ளே பெண்கள் பேசித் தீர்க்க, வாசலில் இரண்டு அப்பாக்களும் பேச ஒன்றுமில்லாமல் நின்றார்கள். "பில்லியர்ட்ஸ் ஆடுவீங்களா?" என்று ஒருவர் கேட்டார். தெருமுனையில் டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு பில்லியர்ட்ஸ் ஹால் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான்.

பிள்ளைகளின் குடித்தனம் நொண்டியது. அப்பாக்களின் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒருநாளும் நொண்டவில்லை.

இப்போது பிள்ளைகள் பிரிகிறார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஏமாற்றவில்லை. ஒரே வீட்டில் இருவருக்கும் மூச்சு முட்டியது. இந்த வாரம் கையெழுத்து. மகள் பெட்டியோடு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"இந்த ஞாயித்துக்கிழமையோட சரி," என்றார் மெக்கானிக்கின் மனைவி. "ஒரே ஒரு ஆட்டம் ஆடிட்டு, நல்லபடியா சொல்லிட்டு வந்துடுங்க. உறவே அத்துப்போன பிறகு அங்க உங்களுக்கு என்ன வேலை?"

மெக்கானிக் தலையாட்டினார். அவருக்கு வேறு நண்பர்கள் கிடையாது. அவசரக்காரர்களுக்கு அமைவதில்லை.

3

இந்த இடத்தில் என் அக்கா குறுக்கே வருகிறாள். நான் எழுதுவதை முதலில் படிப்பவள் அவள்தான். படித்துவிட்டு எடை போடுபவளும் அவள்தான்.

"ரெண்டு கிழங்க பந்து உருட்டுறதெல்லாம் சரி. அந்தப் பொண்ணு எங்கடா? பெட்டியோட வந்தான்னு ஒரு வரி. பெட்டிய இறக்கி வெச்சாளா, கையிலயே வெச்சிருக்காளா?"

எனக்குச் சுருக்கென்றது. மகளை நான் கதைக்கு ஒரு சாக்காகத்தான் வைத்திருந்தேன். ஆகவே, சனிக்கிழமை மாலைக்குப் போவோம்.

மெக்கானிக் சமையலறையில் டப்பா மூடி ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார். பழுது பார்க்க வேறு எதுவும் இல்லை. மகள் வந்து எதிரே உட்கார்கிறாள்.

"அப்பா, நாளைக்குப் போறீங்களா?"

"கடைசித் தடவைம்மா. அம்மா சொல்லிட்டா. நீ வேண்டாம்னா இதுவும் வேண்டாம்."

"போக வேண்டாம்னு நான் சொல்லல. மாமா என்கிட்ட நல்லாத்தான் இருந்தார்." டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினாள். "ஆனா நீங்க அங்க போய்ட்டு வந்தா உங்க முகம் இருக்கு பாருங்க, பளிச்சுனு. முன்னெல்லாம் அதைப் பார்க்கவே நான் கதவைத் திறக்க ஓடி வருவேன். இப்போ அதைத்தான்ப்பா என்னால தாங்க முடியல. எனக்கு ஒண்ணுமே இல்லாமப் போன இடத்துலருந்து நீங்க மட்டும் சந்தோஷமா வரீங்க."

மெக்கானிக்குக் கையில் இருந்த மூடியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"போய்ட்டு வாங்க. வரும்போது சந்தோஷமா வராதீங்க. கொஞ்ச நாளைக்கு."

(அக்கா இதைப் படித்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.)

4

ஞாயிற்றுக்கிழமை. கண்ணாடிக் கடைக்காரர் முன்னதாகவே வந்து குச்சிமுனையில் நீலச் சாக்குக்கட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டிலும் அதே உத்தரவு என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஒரே ஆட்டம்னு சொல்லிட்டு வந்திருக்கேன், சம்பந்தி," என்றார் மெக்கானிக்.

"நானும்தான். ஆனா உங்க வேகத்துக்கு ஒரு ஆட்டம்னா, நான் சாக்குக்கட்டிய கீழ வைக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும். இன்னைக்கு வேற மாதிரி ஆடுவோமா? ஆளுக்கு ஒரு குழி."

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தேர்வு வைக்கமாட்டேன். மேசையில் ஆறு குழிகள் இருந்தாலும் கணக்கில் வருவது இரண்டுதான்: அந்தக் கோடியில் இடது மூலை ஒருவருக்கு, வலது மூலை மற்றவருக்கு. பதினைந்து பந்துகளில் எட்டைத் தன் குழியில் முதலில் போட்டவர் ஜெயித்தார். வேறு குழியில் விழுந்தால் எடுத்துத் திரும்ப மேசையில் வைக்கவேண்டும். ஃபவுல் செய்தால், அதாவது வெள்ளைப் பந்து வேறெந்தப் பந்தையும் தொடாமல் நின்றால், சம்பாதித்த பந்துகளில் ஒன்றை மேசைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒருவரே தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் ஆட்டமே போச்சு.

மெக்கானிக் வழக்கம்போலப் பாய்ந்தார். பந்து விர்ரென்று போய்ப் பக்கக் குழியில் விழுந்தது. கண்ணாடிக் கடைக்காரர் அதை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதென்னங்க, விழுந்த பந்துக்கும் மரியாதை இல்லையா?"

"உங்க குழியில விழல இல்ல?"

பிறகு கடைக்காரர் ஆடினார். ஆடினார் என்றுகூடச் சொல்லமுடியாது, தடவிவிட்டார். எந்தப் பந்தும் எங்கும் விழவில்லை. வெள்ளைப் பந்து மட்டும் ஒன்றை உரசிவிட்டு மெல்ல உருண்டு இரண்டு பந்துகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. மெக்கானிக் தன் குழியைப் பார்த்தார். வழியே இல்லை. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். அங்கேயும் இல்லை. அவர் மேசையைச் சுற்றி நடந்ததே அன்றுதான் முதல்முறை.

(நானும் இந்த ஆட்டத்தை எழுதும்வரை பந்து விழுவதுதான் ஆட்டம் என்று நினைத்திருந்தேன். என் பழைய கதைகளைப் புரட்டினால் பக்கத்துக்கு ஒரு பந்து விழுந்துகொண்டே இருக்கும்.)

மெக்கானிக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் போனது. அப்புறம்தான் அவருக்கு ஒன்று நினைவு வந்தது. லிஃப்ட் நடுவழியில் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், எவ்வளவு அலைபாய்ந்து ஓடிவந்தாலும், வந்ததும் அவர் எதையும் தொடமாட்டார். கதவில் காதை வைத்துக் கேட்பார். கம்பி எங்கே முனகுகிறது, உள்ளே இருப்பவர் எந்த மூலையில் நிற்கிறார், எல்லாம் தெரிந்த பிறகுதான் கருவியை எடுப்பார். அந்தப் பொறுமையை அவர் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற எல்லா இடத்திலும் பறந்திருக்கிறார்.

குனிந்தார். குழியைப் பார்க்கவில்லை, சம்பந்தி நிற்கப்போகும் இடத்திலிருந்து மேசையைப் பார்த்தார். மெல்லத் தட்டினார். சம்பந்தியின் குழியருகே நின்ற பந்து விலகி மறுகோடிக்கு ஓடியது. வெள்ளைப் பந்து ரப்பர் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒருதரம் துடைத்தது போதவில்லை போலும், மறுபடியும் துடைத்தார்.

"என்ன சம்பந்தி, பழிக்குப் பழியா?"

மெக்கானிக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பந்தும் விழாமல் இவ்வளவு சந்தோஷம் வரமுடியும் என்று யாராவது சொல்லியிருந்தால், ஆளைப் பார் என்றிருப்பார். இத்தனை காலம் தனக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்து ஆடியவர், எதிராளிக்கு என்ன மிச்சம் வைக்கிறோம் என்று யோசிக்க ஆரம்பித்ததும் அதே மேசை அவருக்குப் புதிதாகத் தெரிந்தது. ஒவ்வோர் அடிக்கும் நடுவே பேச்சும் வந்தது. வேகமாக ஆடிய நாட்களில் அவர்கள் இவ்வளவு பேசியதே இல்லை. மகன் சரியாகத் தூங்குவதில்லை என்றார் அவர். மகள் பெட்டியை இன்னும் திறக்கவில்லை என்றார் இவர். யாரும் யாருக்கும் சமாதானம் சொல்லவில்லை.

5

ஆளுக்கு ஏழு. மேசையில் மிச்சம் ஒரே பந்து. அது மெக்கானிக்கின் குழிவாயில் நிற்கிறது, ஊதினால் விழுந்துவிடும். அடிக்கவேண்டியதும் மெக்கானிக்தான்.

நான் முதலில் எழுதிய முடிவு இங்கேதான் வந்தது. 'அவர் பந்தைக் குழியில் தள்ளினார். இருவரும் கைகுலுக்கினார்கள். படியிறங்கி ஆளுக்கொரு திசையில்—' எழுதும்போதே எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. மெக்கானிக்கும் ஒத்துழைக்கவில்லை. குச்சியை நீட்டினார், வெள்ளைப் பந்தின்மேல் முனையை லேசாக வைத்து எடுத்துவிட்டார். பந்து ஒரு விரற்கடை நகர்ந்து நின்றது.

"ஃபவுல்," என்றார். தன் குழியிலிருந்து ஒரு பந்தை எடுத்து மேசையில் வைத்தார்.

கண்ணாடிக் கடைக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். தன் முறைக்கு வந்து, அதே மாதிரி முனையை வைத்து எடுத்தார்.

"எனக்கும் ஃபவுல்தான்." அவர் குழியிலிருந்தும் ஒரு பந்து வெளியே வந்தது.

இன்னொரு சுற்றும் அப்படியே நடந்தது. ஹாலைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் துடைக்கும் துணியோடு வந்து நின்றார்.

"நானும் ரொம்ப நேரமாப் பார்க்கிறேன். ஆட ஆட மேசை காலியாகணும். உங்களுக்கு மட்டும் ரொம்பிக்கிட்டே வருதே?"

"நாங்க பின்னாலருந்து ஆடுறோம்மா," என்றார் கடைக்காரர்.

"எப்படியோ ஆடுங்க. அடுத்து ஒரு பிறந்தநாள் கூட்டம் வருது, பிள்ளைங்க படியேறிட்டிருக்கு."

மெக்கானிக்குக் கையில் இரண்டு ஃபவுல் ஏறியிருந்தது. மூன்றாவது போட்டால் ஆட்டம் முடிந்தது. பந்தை உள்ளே தள்ள ஆரம்பித்தாலும் சீக்கிரம் முடிந்துவிடும். அவர் நிதானமாகச் சுற்றிவந்தார். அடித்தார். வெள்ளைப் பந்து ஒன்றை மெல்லத் தொட்டு, எதிர் ஓரத்தில் பட்டு, வீட்டுக்கு வருகிற ஆள்போல நிதானமாகத் திரும்பி, மற்ற பந்துகளுக்குப் பின்னால் போய் நின்றது. முறையான அடி. ஒன்றும் விழவில்லை.

"அடடா," என்றார் கண்ணாடிக் கடைக்காரர், மனதாரச் சொன்னார்.

பலூன்களோடு பிள்ளைகள் உள்ளே புகுந்துவிட்டார்கள். அந்த அம்மாள் பந்துகளைக் கூட்டிச் சேர்த்தார்.

"ஆட்டம் முடியலையே, சம்பந்தி."

"முடியலையே."

"ஒரு ஆட்டம்னுதான் ரெண்டு பேரும் சொல்லிட்டு வந்தோம்."

"ஒரே ஆட்டம்தான். அதுதான் இன்னும் முடியலையே. பந்து நின்ன இடம் எனக்கு மனப்பாடம்."

இருவரும் திருட்டுப் பிள்ளைகள்போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

6

இங்கேயே நிறுத்தியிருந்தால் எனக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். ஆனால் மெக்கானிக் வீட்டுக்குப் போயாகவேண்டும்.

மகள் கதவைத் திறந்து, "பரவால்லப்பா, உங்களுக்காவது ஒருத்தர் மிஞ்சட்டும்" என்று சொல்வதாக எழுதிப் பார்த்தேன். அக்கா காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "இது அப்பனுங்களே உட்கார்ந்து எழுதிக்கிட்ட முடிவு. அந்தப் புள்ள எதுக்குப் பெரிய மனசு பண்ணணும்?"

சரி என்று, மெக்கானிக் வழியிலேயே மனம் மாறி, போன் செய்து, "இனிமே வரமாட்டேன் சம்பந்தி" என்று சொல்வதாக எழுதினேன். அதைப் படித்துவிட்டும் அக்கா திருப்திப்படவில்லை. "பாவம்டா அந்த மனுஷன்," என்றாள். ஒரு பக்கமாக நில் என்றேன். "நீ நில்லு பார்ப்போம்," என்றாள்.

என்னால் நிற்க முடியவில்லை. ஆகவே, எனக்குத் தெரிந்தவரைக்கும் சொல்லிவிடுகிறேன்.

மெக்கானிக் அன்று படியில் மெல்ல ஏறுகிறார். வீட்டு வாசலில் நின்று மணியை அழுத்திவிட்டார். மனைவி இந்நேரம் கடைக்குப் போயிருப்பார். உள்ளிருந்து வருவது மகளின் காலடிதான். அவருக்குத் திடீரென்று தன் முகம் உறைக்கிறது. இரண்டு கைகளாலும் அழுத்தித் துடைக்கிறார், வியர்வையைத் துடைப்பதுபோல. உதட்டை இறுக்கிக்கொள்கிறார். பெட்டியைத் திறக்காமலே வைத்திருக்கும் பிள்ளையை நினைத்துக்கொள்கிறார். நெஞ்சு நிஜமாகவே கனக்கிறது. ஆனாலும் அந்தச் சிரிப்பு போகமாட்டேன் என்கிறது. அது போய்விடக்கூடாதே என்று ஒரு மூலையில் அவருக்கு ஆசையும் இருக்கிறது, அதற்காக வெட்கமும் இருக்கிறது.

இதற்கு மேல் என் பேனா ஓடாது. நீங்கள் யாருக்காவது அப்பாவாக இருக்கலாம், மகளாக இருக்கலாம். கதவுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று உங்களுக்கே தெரியும். சீக்கிரம் யோசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. தாழ்ப்பாளில் அவள் கை வைத்துவிட்டாள்.