முக்கால் லிட்டர்

செடித் தொட்டியைக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டுத் தட்டியதும் மண் மொத்தமாகக் குளியலறைத் தரையில் விழுந்தது. கூடவே நாற்றம் கிளம்பியது. தங்கை புறங்கையால் மூக்கை அழுத்திக்கொண்டாள்.

வண்டி வரும்வரை இறந்த அக்காவை அவள் கட்டிலிலேயே விட்டிருந்தார்கள். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் அழுது முடித்த கையோடு மூக்கைப் பிடித்தார்கள். "போயி நாலு மணி நேரங்கூட ஆகல. ஒழுங்கா தொடச்சு விட்டாளோ என்னமோ" என்று அத்தை குசுகுசுத்தது இவள் காதில் விழுந்தது. ஐந்து மாதமாகத் துடைத்தவளுக்கு அந்தப் பேச்சு வேறு. நாறியது அக்கா இல்லை, கட்டிலை ஒட்டி ஜன்னலில் இருந்த மணி பிளான்ட்.

தூக்கிப் போட மனம் வரவில்லை. அக்கா வளர்த்தது. வேரைத் தொட்டால் கருந்தோல் கொழகொழவென்று விரலோடு கழன்று வந்தது. கத்தரிக்கோலால் வெட்டி வெட்டிப் போட்டாள். இவள் வாரத்துக்கு அரை டம்ளர்தான் ஊற்றுவாள். யார் இப்படிக் கொட்டித் தொலைத்தது?

வேறு யார், இந்தக் கும்பல்தான். கிட்னி போனவளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் ஒரு சொட்டும் கூடாது என்றார் டாக்டர். அளந்து கொடுத்த இவள், தவித்த வாய்க்குத் தண்ணீர் தராத ராட்சசி ஆனாள். பார்க்க வந்த ஒவ்வொருவரும் இவள் தலை மறைந்ததும் அக்காவிடம் ஒரு டம்ளரை நீட்டினார்கள். கட்டிலடியில் காலி டம்ளரைப் பார்க்கும்போதெல்லாம் இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்காவின் கால் வீங்கிக்கொண்டே போனது. நேற்றுச் சாயங்காலம் கத்தியே விட்டாள்.

"வெக்கமா இல்ல உனக்கு? யாரு நீட்டுனாலும் வாங்கிக் குடிச்சிருவியா?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு பேசவே இல்லை.

வேர்க்கட்டுக்குள் ஏதோ வழுக்கியது. புழு என்று பயந்து கையை உதறினாள். கழுவிப் பார்த்தால் ஆரஞ்சு விதை. மண்ணைப் பிசையப் பிசைய இன்னும் ஏழெட்டு. புளித்துப்போன சக்கை. மூக்கைப் பொத்த மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு டம்ளரைக்கூட அக்கா குடிக்கவில்லை. யார் முகமும் வாடாமல் வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் நகர்ந்ததும் எல்லாவற்றையும் இதில் ஊற்றியிருக்கிறாள். நேற்றாவது அதை வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

அத்தை குளியலறை வாசலில் வந்து நின்றாள்.

"இதுதான் நாறுச்சா? கருமம்." குரலைத் தணித்துக்கொண்டாள். "கோவிச்சுக்காதடி. முந்தாநாள் நீ மருந்து வாங்கப் போனப்ப ஜூஸ் புழிஞ்சு குடுத்தேன். அப்புறம் குடிக்கிறேன்னா. திரும்பி வந்து பாத்தா டம்ளர் காலி. எவ்வளவு தாகமோ பாவம். ஒரு வாய் குடுத்தோமேன்னு எனக்கு அந்த ஒரு நிம்மதிதான்."

மண்ணோடு வேரோடு அள்ளி அந்த முகத்தில் அப்ப வேண்டும் போலிருந்தது.

"குடிச்சா அத்தை," என்றாள் தங்கை. "உங்க ஜூஸ் நல்லாருந்துச்சுன்னு சொன்னா."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். தங்கை கதவைச் சாத்திவிட்டுக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். வாளி நிரம்பி வழிந்து, தண்ணீர் தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.