பள்ளத்துப் பங்கு

இந்தக் காலத்தில் சாவுக்கு வருகிறவன் கும்பிடக் கையைத் தூக்குவதில்லை, போனைப் பிடிக்கத்தான் தூக்குகிறான். கார்மேகம் அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டார். போன் தரையில் விழுந்து சவப்பெட்டியின் அடியில் போய்க் கிடந்தது.

"என்னடா, சினிமாவா ஓடுது இங்க? செத்தவன் எந்திரிச்சுக் கேக்க மாட்டான்னுதான?"

"ஊருக்கு லைவ் போட்டுக்கிட்டு இருந்தேன் பெரியவரே. அவுக வீட்ல பாக்கணும்னாக."

"ஆளே ஊருக்குத்தான் போறான். பெறகென்ன லைவு? போயி ஓரமா நில்லு."

முசஃபா தொழிலாளர் கேம்ப்பில் அவருக்குப் பக்கத்து ரூமில் இருப்பவன்தான். முனகிக்கொண்டே குனிந்து போனைப் பொறுக்கினான். சுற்றி நின்ற நாலைந்து பேர் தங்கள் போன்களைச் சட்டைப்பைக்குள் போட்டார்கள். அப்படிப் போட்டதிலும் கார்மேகத்துக்கு நம்பிக்கை இல்லை. அவர் தலை திரும்பினால் மறுபடி வெளியே வரும்.

பெட்டியில் அவர் தம்பி உடையப்பன் படுத்திருந்தான். ஊருக்கு அனுப்புவதற்காக மருந்து ஏற்றி, பவுடர் பூசி, தலை வாரி விட்டிருந்தார்கள். டிரெய்லர் ஓட்டுகிறவன் முகம் உயிரோடு இருந்தபோது இத்தனை சுத்தமாக இருந்ததே இல்லை. கார்மேகத்துக்கு அந்தப் பவுடர் பிடிக்கவில்லை. துண்டின் நுனியால் நெற்றியில் கொஞ்சம் துடைத்துவிட்டார்.

இரண்டு பேருக்கும் ஒரே ரூம், ஒரே இரும்புக் கட்டில். மூட்டுவலி வந்த பிறகு அண்ணனுக்குக் கீழ்க்கட்டில், தம்பிக்கு மேல்கட்டில். காலையில் டூட்டிக்கு எழுப்புவதற்குக் கார்மேகம் படுத்தபடியே மேல்பலகையைக் காலால் ஓர் உதை விடுவார். மேலேயிருந்து ஒரு வசவு வரும். வியாழக்கிழமை காலையில் உதைத்தார், வசவு வரவில்லை. இன்னும் இரண்டு உதை விட்டுத் திட்டிய பிறகுதான் எழுந்து பார்த்தார்.

"அப்பா, ஊர்லருந்து முத்துக்கருப்பன் மாமா லைன்ல இருக்காக." மகன் அன்பரசன் வந்து போனை நீட்டினான். அவன் அஜ்மானில் குடியிருந்து துபாய்க்கு வேலைக்குப் போகிறவன். மூன்று நாளாக லீவு போட்டு, எம்பசி, போலீஸ், ஆஸ்பத்திரி என்று எல்லாக் காகிதத்துக்கும் அவன்தான் அலைந்தான். "குழி எங்க வெட்டணும்னு கேக்குறாக."

"இது ஒரு கேள்வியா? பள்ளத்துல, அப்பா பக்கத்துல. அவன் எத்தனை வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்கான். வேற எங்க வெட்டுவாக?"

ஊரில் கண்மாயின் கடைக்கோடியை ஒட்டி அவர்கள் குடும்பத்துக்கு இருக்கிற தாழ்ந்த நிலத்துக்குப் பள்ளம் என்று பெயர். ஐப்பசியில் தண்ணீர் ஏறினால் தை கடைசிவரை நிற்கும். நெல்லுக்கு உதவாது. கிளுவையும் ஊசிவால் வாத்தும் நாமக்கோழியுமாகப் பறவைகள் எங்கிருந்தெல்லாமோ வந்து இறங்கும். அதன் மேட்டு மூலையில்தான் அப்பாவைப் புதைத்திருந்தது. அதற்குப் பக்கத்து இடம் தனக்கு என்று உடையப்பன் சொல்லிவைத்திருந்தான். "ஒனக்கு முன்னாடி நான் போனா எனக்கு. இல்லாட்டி ஒனக்கு" என்று மேல்கட்டிலிலிருந்து சிரிப்பான்.

கார்மேகமும் அன்பரசனும் அதே விமானத்தில் கூடப் போவதாக ஏற்பாடு. உடையப்பனுக்கு ஒரே பெண், ராதிகா. ஆண்பிள்ளை இல்லாததால் காரியத்தை அன்பரசன் செய்ய வேண்டும்.

கதவைத் திறந்துகொண்டு ஒரு பெரிய மாலை வந்தது. அதற்குப் பின்னால் ஓர் ஆள். மாலையைப் போட்டதும் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "உடையப்பண்ணே... சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டீகளேண்ணே" என்று அழுதான். நடிப்பு இல்லை. மூக்கு ஒழுக அழுதான். கார்மேகத்துக்கு ஆளைத் தெரியவில்லை.

"யாருப்பா நீ?"

"விஜயபாஸ்கருங்கய்யா. துபாய் சத்வால கடை வச்சிருக்கேன். சொந்த ஊரு காரைக்குடிப் பக்கம். அண்ணனும் நானும் பத்து வருசப் பழக்கம்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீங்க எதுக்கும் கவலப்படாதீக. ஏர்போர்ட்லருந்து வண்டி நம்ம ஏற்பாடு. கொட்டுக்குச் சொல்லிட்டேன். வெடிக்கும் சொல்லிட்டேன். சிவகாசியிலருந்து நேரா எறங்குது. ஊரு எல்லையிலருந்து குழிவரைக்கும் விடாமப் போட்ருவோம். அண்ணன் சாவு சும்மா போகக் கூடாதுய்யா."

"கொட்டும் கெடையாது, வெடியும் கெடையாது" என்றார் கார்மேகம். "எங்க ஊர்ல வெடி போடுற பழக்கமில்ல."

"சாவுக்குக்கூடயா?"

"தீவாளிக்கே கெடையாது. கம்மாயில பறவை எறங்குற காலம் இது. எங்கப்பன் செத்தது மார்கழியில. ஒரு ஓலைவெடி போடல, கொட்டு அடிக்கல. பொம்பளைக சத்தம் போட்டு அழல. வாயப் பொத்திக்கிட்டுத்தான் தூக்கிட்டுப் போனோம். இது இன்னைக்கு நேத்து உள்ளதில்ல. நீ சிவகாசிக்காரனுக்குப் போனப் போட்டு வேணாம்னுரு."

விஜயபாஸ்கர் அவரை ஒருமாதிரி பார்த்தான். கேலி செய்கிறாரோ என்று பார்ப்பது போல இருந்தது.

"அய்யா, அங்க யாரு என்ன சொல்லப் போறாக? வருசா வருசம் நாங்க அத்தன பேரு போயிச் சுடுறோம். ஒரு நாளு, ஒரு ஆளு வந்து ஏன்னு கேக்கலியே."

"எங்க போயிச் சுடுறீக?"

"ஒங்க பள்ளத்துலதான்."

அன்பரசன் "விஜி அண்ணே" என்று அவன் முழங்கையைத் தொட்டான். அந்தத் தொடலைக் கார்மேகம் பார்த்துவிட்டார்.

"நீ கையெடு. அவன் பேசட்டும். என்னத்தச் சுடுறீக?"

"வாத்துதான்யா. கிளுவை." விஜயபாஸ்கர் குரல் இறங்கிவிட்டது. ஆனால் ஆரம்பித்ததை நிறுத்தவும் தெரியவில்லை. "மார்கழில அண்ணன் லீவுக்கு வருவாகள்ல? அப்ப துபாய், ஷார்ஜாலருந்து நாங்க ஒரு கூட்டம் லீவு போட்டு வருவோம். தலைக்கு இவ்வளவுன்னு அண்ணன்ட்ட குடுத்துருவோம். துப்பாக்கி அண்ணனே ஏற்பாடு பண்ணிருவாக. விடியறதுக்கு முன்ன கருவேலம் பொதர்ல ஒக்காந்தா... ஒங்களுக்குத் தெரியாதாய்யா? பெரியவருக்குத் தெரியும், குடும்பத்து நெலம்தானன்னு அண்ணன் சொன்னாகளே. ஒங்க வீட்டுலதான சாப்பாடு. சீதாலட்சுமி அக்கா வறுத்து வப்பாக பாருங்க, மொளகும் சின்ன வெங்காயமும் போட்டு. அண்ணன்கூட அதுல கொஞ்சம் சுண்ட வறுத்து, டப்பாவுல கட்டிக்கிட்டு வருவாகளே, ரூமுக்கு..."

அத்தோடு அவனே வாயை மூடிக்கொண்டான்.

கார்மேகம் வெளியே வந்தார். வராந்தாவில் குடிதண்ணீர்க் குழாய் இருந்தது. ஒரு வாய் பிடித்துக் கொப்பளித்துத் துப்பினார். மறுபடி பிடித்தார். மறுபடி துப்பினார். வருடம் தவறாமல் தை மாதம் தம்பி கொண்டுவந்த டப்பா. நாட்டுக்கோழி என்பான். எலும்பு ஏண்டா இத்தனை பொடியா இருக்கு என்று ஒருமுறை கேட்டதற்கு, "குஞ்சுக் கோழிண்ணே, ஒனக்குப் பல்லு இல்லன்னுதான் பாத்து வாங்கிட்டு வந்தேன்" என்றான். இவரும் நம்பி, குப்பூஸ் ரொட்டிக்குத் தொட்டுத் தொட்டுத் தின்றார். யார் சொன்னாலும் நம்பாத ஆள், தம்பி சொன்னால் மட்டும் நம்பினார். அவர் குடும்பத்தில் அந்தப் பறவையை அதுவரை யாரும் தின்றதில்லை.

சூப்பர்வைசர் மாதிரி நின்ற ஓர் எகிப்துக்காரன், "ஹாஜி, பானி மாஃபி வேஸ்ட்" என்று, தண்ணீரை வீணாக்காதே எனச் சைகை காட்டினான். குழாயை மூடினார்.

மனைவி சீதாலட்சுமிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஒப்பாரி கேட்டது.

"எங்க இருக்கீக? பெட்டி ஏத்தியாச்சா?" என்றாள்.

"பள்ளத்துல பறவையச் சுடுறாகளா?"

அவள் எழுந்து நடந்து போவது தெரிந்தது. கதவு சாத்தும் சத்தம். அழுகை தூரமாகப் போனது.

"யாரு சொன்னா?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"ஆமா."

"எத்தன வருசமா?"

"நான் என்ன எண்ணிக்கிட்டா இருந்தேன்? சின்னவுகதான் ஒங்ககிட்டச் சொல்ல வேணாம்னாக. அண்ணன் அங்க ஒத்தையில கெடக்கு, கேட்டா நெஞ்சு தாங்காதுன்னாக."

"வருசா வருசம் ஒங்கிட்டக் கேட்டேனே. பறவை வந்துச்சா, பறவை வந்துச்சான்னு."

"வந்துச்சுன்னேன். வந்துச்சுல்ல? பொய்யா சொன்னேன்?"

கார்மேகம் போனை மற்றக் காதுக்கு மாற்றினார். அவள் நிறுத்தவில்லை.

"வருசத்துல ஒரு மாசம், ஆடியில, தரை வெடிச்சுக் கெடக்குறப்ப வந்து நின்னுட்டுப் போற ஆளுக்கு எதத்தான் சொல்ல? ஊர்ல எல்லாருக்கும் தெரியும். கூறுகெட்ட கோழிக்காரிவரைக்கும் தெரியும். ஒங்கள யாரும் ஏமாத்தணும்னு செய்யல. வந்தவுகளுக்குச் சமைச்சுப் போடுன்னாக, போட்டேன். இப்ப எழவு வீட்ல வச்சு இதக் கேக்குறீகளே."

போனை அணைத்துவிட்டார். ஊர் முழுக்கத் தெரியும். அவர் மட்டும் ஆடி மாதக் காய்ந்த தரையைப் பார்த்துவிட்டு, மற்ற பதினொரு மாதமும் அங்கே தண்ணீரும் பறவையும் இருப்பதாகக் கீழ்க்கட்டிலில் படுத்து நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மேலே படுத்திருந்தவன் புரண்டு புரண்டு படுப்பான். என்னடா தூக்கமில்லையா என்றால், "மூட்டைப்பூச்சிண்ணே" என்பான்.

அன்பரசன் வந்து பக்கத்தில் நின்றான்.

"ஒனக்கும் தெரியும்."

"தெரியும்ப்பா."

"நீயும் சுட்டியா?"

"நான் சுடல. ஒரு தடவ போயிருந்தேன்." குரலை அடக்கிப் பேசினான். "சொல்றத ஒரு நிமிசம் கேளுங்க. கம்மாயில அஞ்சாறு வருசமா ஒழுங்காத் தண்ணி வரலப்பா. வரத்துக்கால மேல அடைச்சிட்டாக. பள்ளம் காஞ்சு போச்சு. பறவை வந்து சுத்திப் பாத்துட்டுப் போயிருச்சு. சித்தப்பாதான் போர் போட்டு, மோட்டார் வச்சு, ஆளப் போட்டு ஐப்பசியிலருந்து ராப்பகலாத் தண்ணி விட்டாக. அதுக்குப் பணம் எங்கருந்து வரும்? சுட வர்றவுக குடுத்ததுலதான். நூறு எறங்குனா பத்து சாகும். மிச்சம் தொண்ணூறு இருக்குல்ல? சித்தப்பா இல்லைன்னா ஒண்ணுகூட எறங்காது. அவுகளும் அந்தப் பறவைக்காகத்தான் செஞ்சாக."

கார்மேகம் மகனை ஏற இறங்கப் பார்த்தார். படித்தவன் கணக்கு எப்போதும் சரியாகத்தான் வரும்.

"தண்ணி காட்டிக் கூப்பிட்டிருக்கான்" என்றார். "கூப்பிட்டு வச்சுச் சுட்டிருக்கான்."

"அப்படியில்லப்பா..."

"எப்படிடா இல்ல? வெடி போட்டாப் பயந்துரும்னு அப்பன் பொணத்தையே சத்தமில்லாமக் கொண்டுபோனோம். அந்த அப்பன் தலைமாட்டுல ஒக்காந்துல்ல குறி பாத்திருக்கான்."

உள்ளே பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்கள். ஸ்க்ரூ முடுக்கும் மிஷின் விர்ரென்று சத்தம் போட்டது. கார்மேகம் போய்ப் பார்க்கவில்லை. பத்து ஸ்க்ரூ இருக்கும்.

அன்பரசன் கையிலிருந்த போன் அடித்தது. "மாமாதான். ஆளு வந்து நிக்குதாம், கடப்பாறையோட. எந்த எடத்துலன்னு அளவு கேக்குறாக."

"ஊர்ச் சுடுகாட்டுல வெட்டச் சொல்லு."

"அப்பா!"

"பள்ளத்துல வேணாம்."

"சித்தப்பாவோட கடைசி ஆசைப்பா அது. ராதிகாட்ட நான் என்னன்னு சொல்ல? அந்த நெலத்துல அவுகளுக்கும் பாதிப் பங்கு இருக்கு."

"அப்ப அவன் பாதியில வை. அப்பா கெடக்குறது என் பாதி."

"நெலத்த இன்னும் பிரிக்கவேயில்லையேப்பா. யாரு பாதி எதுன்னு..."

"இப்பப் பிரிச்சாச்சு."

போனில் முத்துக்கருப்பன் "அலோ, அலோ" என்று கத்திக்கொண்டிருந்தான். அன்பரசன் அதைக் காதில் வைக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை.

பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தார்கள். கோணி தைத்து, மேலே காகிதம் ஒட்டி, கார்கோ சாமான் மாதிரியே இருந்தது. தள்ளிக்கொண்டு வந்த பெங்காலி ஆளைக் கார்மேகம் கைகாட்டி நிறுத்தினார்.

"பாய், சிர் கிதர்?"

தலை எந்தப் பக்கம் என்று அவன் தட்டிக் காட்டினான். கார்மேகம் அந்தப் பக்கம் போய் நின்றார். கோணித் தையலில் ஒரு நூல் பிரிந்து தொங்கியது. அதை விரலில் சுற்றி, முடிச்சுப் போட்டு உள்ளே தள்ளினார். பிறகு விலகி வழிவிட்டார்.

"ஏறுங்கப்பா. வண்டி நிக்கிது" என்றான் அன்பரசன். "டிக்கெட் போட்டாச்சு. அங்க வந்து எல்லாம் பேசிக்கலாம். சண்டை போடுறதுன்னாலும் அங்க வந்து போடுங்க."

"யாருகூடப் போட?"

அன்பரசன் வேன் கதவைத் திறந்து பிடித்தான்.

"காரியத்த ஒழுங்காச் செய்யி. ராதிகாவ ஒத்தையில விட்றாத" என்றார். "நான் வரல."

"அப்பா, சித்தப்பா பண்ணது தப்பாவே இருக்கட்டும். அவுக விடலைன்னா இன்னைக்கு அங்க தண்ணியே இல்ல. இத மட்டும் யோசிச்சுப் பாருங்க."

கார்மேகம் யோசித்துத்தான் பார்த்தார். யோசித்த இடத்திலெல்லாம் கருவேலம் புதரில் ஆள் உட்கார்ந்திருந்தான். தலையை ஆட்டிவிட்டு, கேட்டைத் தாண்டி ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்தார். முசஃபா பஸ் எங்கே நிற்கும் என்று யாரையும் கேட்கவில்லை. கேட்டால் எவனாவது தப்பாகத்தான் சொல்வான்.

பின்னால் வேன் வந்தது. பக்கத்தில் வந்ததும் வேகம் குறைந்தது. ஒருமுறை ஹாரன் அடித்தது. கார்மேகம் மதில் பக்கம் திரும்பிக் குனிந்து, அவிழாமல் இருந்த ஷூ கயிற்றை அவிழ்த்தார். வேன் கொஞ்ச நேரம் அவர் முதுகுக்குப் பின்னால் இரைந்துகொண்டு நின்றது. அவர் கயிற்றின் இரண்டு நுனியையும் சமமாக இழுத்து, மெதுவாகக் கட்டினார். வேன் நகர்ந்து போகிற சத்தம் கேட்டது. ஒரு கால் முடிந்தது. அடுத்த காலின் கயிற்றை அவிழ்த்தார்.