பன்னிரண்டு மணி வரை பேச மாட்டாள்

அலுவலகத்தில் எல்லோரும் அவளைப் புகார் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். குடிநீர் அலுவலகத்தில் புகார் கவுன்டர் அவளுடையது. தண்ணீர் வரவில்லை, வந்தால் சேறாக வருகிறது, குழாய் உடைந்து தெருவே குளமாகிவிட்டது என்று வாரம் ஆறு நாளும் ஜனங்கள் அவளைப் பிடித்துத்தான் கத்துவார்கள். என்னமோ அவளே போய் வால்வை மூடிவிட்டு வந்து உட்கார்ந்த மாதிரி! இவளும் லேசுப்பட்டவள் இல்லை, ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பாள். கடைசியில் ரத்த அழுத்தம் எகிறியதுதான் மிச்சம். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு யோகாவுக்கும் போகச் சொன்னார்.

யோகா டீச்சர் ஒரு சாது. அவள் குரலைக் கேட்டாலே தூக்கம் வரும். மூச்சுப் பயிற்சியெல்லாம் சொல்லிக்கொடுத்த பிறகு, பன்னிரண்டு கட்டம் போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்தாள். ஞாயிறு காலை ஆறிலிருந்து பகல் பன்னிரண்டு வரை வாய் திறக்கக் கூடாது. ரொம்ப அவசரமென்றால் சிலேட்டில் எழுதலாம். முழுசாக இருந்த வாரத்துக்கு ஒரு டிக்.

"என்ன உணர்ச்சி வந்தாலும் சும்மா பாருங்க. வந்த மாதிரியே போயிடும்" என்றாள் டீச்சர்.

போயிற்றா? எங்கே! முதல் ஞாயிறு பால் பொங்கி வழிந்தது, "ஐயோ!" என்று அலறிவிட்டாள். இரண்டாம் ஞாயிறு வீட்டுக்காரர் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார், அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மூன்றாம் ஞாயிறும் அப்படித்தான் ஏதோ. மனுஷனுக்கு ஒரே கொண்டாட்டம்.

"மூச்சை அடக்கிடுவ மேடம், வாயை அடக்குறது உன் ஜாதகத்துலயே இல்ல" என்றார்.

புகார் அம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நான்காம் ஞாயிறு தலையே போனாலும் பேசுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரர் முடிவெட்டப் போயிருந்தார். வீடு கப்சிப்பென்று இருந்தது. பதினொன்றரை வரை எல்லாம் நன்றாகவே போயிற்று.

அப்போதுதான் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் மகள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. தோளில் பெரிய பை, இந்த வெயிலில் மணிக்கட்டு வரை முழுக்கைச் சட்டை.

"அம்மா, அங்க என்னால இருக்க முடியலம்மா" என்றாள் உள்ளே வந்ததும் வராததுமாக. "கொஞ்ச நாள் இங்கயே இருந்துடட்டுமா?"

புகார் அம்மாவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. ஆனால் புருஷன் பொண்டாட்டி சண்டைதானே, போன மாதமும் இப்படித்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள், சாயங்காலமே சிரித்துக்கொண்டு திரும்பிப் போனாள் என்று நினைத்தாள். டீச்சர் சொன்னபடி மூச்சை இழுத்துவிட்டாள். படபடப்பு அடங்கியது. அட, நமக்கும் வருகிறதே என்று ஒரு பெருமை வேறு! கையைக் காட்டி மகளை உட்காரச் சொல்லிவிட்டு, சிலேட்டை எடுத்து எழுதினாள்: "12 மணிக்குப் பேசலாம்."

மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருன்னு மட்டும் சொல்லும்மா. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

இரு. ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் என்ன குடியா முழுகிவிடும்? புகார் அம்மா புன்னகைத்தாள். டீச்சர் புன்னகைப்பாளே, அதே மாதிரி. மகளின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு டீ போட அடுக்களைக்குப் போனாள்.

இரண்டு டம்ளரோடு திரும்பி வந்தால், நாற்காலி காலி. பையையும் காணோம்.

பால்கனிக்கு ஓடினாள். மகள் தெருமுனையைத் தாண்டவில்லை. ஒரு குரல் கொடுத்தால் போதும், கவுன்டரில் நாள் பூராவும் கத்திப் பழகிய தொண்டைதான். வாயைக்கூடத் திறந்துவிட்டாள். இன்னும் இருபது நிமிஷம்தானே, பன்னிரண்டு அடித்ததும் ஃபோன் பண்ணிக்கொள்ளலாம் என்று மூடிக்கொண்டாள். பாவி மனுஷி, மூடிக்கொண்டாளே!

பன்னிரண்டுக்குக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள், எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை கூப்பிட்டுக்கொண்டே செருப்பைத் தேடினாள். வெட்டிய முடி சட்டையில் ஒட்டியிருக்க வீட்டுக்காரர் உள்ளே வந்தார்.

"என்ன, இன்னிக்குத் தாக்குப் பிடிச்சியா? டிக்கா?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"பையோட வந்தாளா? பையோட வந்தவளையா அனுப்பிட்டே?"

"அனுப்பலங்க. இருக்கத்தான் சொன்னேன்."

"எப்படி சொன்னே?"

அவள் சிலேட்டை எடுத்துக் காட்டினாள்.

அரை மணியில் இருவரும் மகள் வீட்டு வாசலில் நின்றார்கள். மணியடித்து நெடுநேரம் கழித்து மகள்தான் திறந்தாள், அதுவும் பாதிக் கதவை. முகம் கழுவியிருந்தாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள் போல, சட்டைக் கை முழங்கை வரை மடித்துவிடப்பட்டிருந்தது. முன்னங்கையில் நாலு விரல் பதிந்த தடம் கன்றிப் போயிருந்தது.

"அடிப்பாவி, இதை ஏண்டி சொல்லல?" என்றாள் புகார் அம்மா. "பையை எடு. இப்பவே கிளம்பு. நம்ம வீட்டுல எத்தனை நாள் வேணும்னாலும் இரு, காலம் பூரா இரு. எவன் கேக்கிறான்னு பாக்கறேன்!"

"மெதுவா பேசும்மா. உள்ள இருக்கார்."

"இருக்கட்டுமே! நீ பையை எடுடி கண்ணு."

உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. "யாரு?"

"அம்மாவும் அப்பாவும்தாங்க. சும்மா பார்க்க வந்தாங்க" என்று திரும்பிக் குரல் கொடுத்தாள் மகள். பிறகு சட்டைக் கையை இறக்கி மணிக்கட்டில் பொத்தானைப் போட்டாள்.

"நீ வேண்டாங்கிறேன்னு நெனச்சேம்மா" என்றாள் தணிந்த குரலில். "எனக்குப் போக வேற இடம் ஏது? பஸ் ஸ்டாப்ல இருந்து நான்தான் அவருக்கு ஃபோன் பண்ணினேன். இனிமே இப்படி வெளிய போக மாட்டேன்னு சொல்லி, நானே மன்னிப்புக் கேட்டுட்டேன்."