ரம்பத்தின் துடுப்பு

கிளைன்பாய் துறைமுகத்தில் இறங்கி ஆய்வு அலுவலகத்துக்குள் நுழைந்த டெஸ்மரேயை ஸூகிஸ்வா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். ஸூகிஸ்வா சுறாக்களைப் பற்றி ஆராய்கிறவள். படகில் போய் அவற்றைப் படமெடுத்து வருவது டெஸ்மரேயின் வேலை.

"அடியே, நேத்து நீ எடுத்த வெள்ளைச் சுறா புதுசுடி! நானூறு துடுப்போட ஒப்பிட்டுட்டேன், ஒண்ணுகூட ஒத்துப்போகல. உன் பேரையே வைக்கப்போறேன்."

கூடவே வந்த படகோட்டி ஃபிலாண்டர் மாமா சிரித்தார். "வைம்மா. பசி வந்தா ரெண்டும் ஒண்ணுதான்."



முதுகுத் துடுப்பின் பின்விளிம்பில் இருக்கும் வெட்டுகள்தான் ஒவ்வொரு சுறாவுக்கும் அடையாளம். நேற்றைய படத்தில் டெஸ்மரே கண்டுகொண்டதோ செவுளோரத்துச் சாம்பல் திட்டை. துடுப்பின் வெட்டுகளுக்காக ரம்பம் என்று பேர் வாங்கிய சுறா அது. எட்டு வருஷமாக வந்துகொண்டிருந்த பெண் சுறா, போன வருஷத்திலிருந்து காணவில்லை. ஓர்கா திமிங்கலங்கள் கொன்றிருக்கும் என்று ஸூகிஸ்வா சரியாகச் சாப்பிடாமல்கூடக் கிடந்தாள். அதைப் பார்த்துக்கொண்டும் டெஸ்மரே வாயைத் திறக்கவில்லை.

சுறா நெருங்கினால் இரைக் கயிற்றை விலக்கி இழுக்க வேண்டும். ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டுப் பக்கம் கொண்டுவரவே கூடாது. போன வருஷம் ரம்பத்தைக் கடைசியாகப் பார்த்த அன்றைக்கு வெளிச்சம் அத்தனை அருமையாக இருந்ததா, "இன்னும் கிட்ட இழுங்க மாமா, ஒரே ஒரு படம்" என்று கெஞ்சினாள். மாமாவும் இழுத்தார். ரம்பம் திரும்பிய வேகத்தில் துடுப்பு கூண்டுக் கம்பியில் மாட்டிக் கிழிந்தது. விளிம்பிலிருந்த வெட்டுகள் அத்தனையும் சதையோடு போயின. பாழாய்ப்போன ஒரு படம்! அதையும் அவளே அழித்துவிட்டாள்.

ஸூகிஸ்வா கணினிமுன் உட்கார்ந்தாள். "ரம்பத்தை இறந்ததுன்னு குறிச்சிட்டு, இதை உன் பேர்ல ஏத்திடறேன்."

டெஸ்மரேயின் முகத்தைப் பார்த்ததுமே மாமாவுக்குப் புரிந்துவிட்டது. காதோரம் குனிந்தார். "வாயத் திறந்த, என் லைசென்ஸ் போயிடும். உன்னையும் படகுல ஏத்தமாட்டாங்க. அதான் சுறா பொழைச்சுக்கிச்சே, விடேன்."

விட்டுவிடலாம்தான். ஆனால் செத்துப்போன கணக்கில் அதைச் சேர்க்கிறாளே.

"அக்கா, அது புதுசு இல்ல. ரம்பம்தான். செவுள்கிட்ட பாருங்க."

ஸூகிஸ்வா படத்தைப் பெரிதாக்கினாள். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தாள். அடுத்த நிமிஷம் எழுந்து டெஸ்மரேயைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உயிரோட இருக்காடி! நீ மட்டும் பாக்கலேன்னா நானே அவளைச் சாகடிச்சிருப்பேன்!"

அந்த அணைப்பு டெஸ்மரேக்கு நெருப்பாய்ச் சுட்டது. ஃபிலாண்டர் மாமா தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"ஐயோ பாவம், இவ்வளவு பெரிய கிழிசல்! எவன்டி பண்ணான் இதை?"

"நான்தான்க்கா."

தோளில் கிடந்த கை மெதுவாக விலகியது. ஸூகிஸ்வா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள், திரையைவிட்டுத் திரும்பாமலே கேட்டாள்.

"அது நடந்த தேதி சொல்லுங்க."

இத்தனை வருஷத்தில் அவள் டெஸ்மரேயை 'நீங்க' என்று சொன்னதே இல்லை.