இரண்டு தடவை போனால் அம்மா

காதில் ஹெட்போனை மாட்டிவிட்டால் அவளுக்கு வீடு இருப்பதே மறந்துவிடும். டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்பும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை, அதுவும் வீட்டிலிருந்தபடியே. அந்த மகான்களில் பாதிப் பேர் எதையோ மென்றுகொண்டேதான் பேசுவார்கள். ஒரு சொல் நழுவினால் மருந்தே மாறிப்போகும். அதனால்தான் வெளிச்சத்தம் துளிகூட நுழையாதபடி காதை முழுசாக மூடும் ஹெட்போனாகப் பார்த்து வாங்கியிருந்தாள்.

அப்பாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அதட்டிய குரலுக்கு வகுப்பே எழுந்து நின்று பழகியவர். காது நன்றாக இருக்கும்போதே செவிடாக இருக்கப் பழகுகிறாள் என்று முணுமுணுப்பார். அம்மா முணுமுணுக்கவில்லை, வழி கண்டுபிடித்தாள். மகளின் அறை விளக்குக்கு ஸ்விட்ச் வெளியே, கூடத்துச் சுவரில் இருந்தது. சாப்பாடு ஆறுகிறதென்றால் அதை இரண்டு தடவை அணைத்துப் போடுவாள். ஏன் இரண்டு என்றால், அந்தத் தெருவில் கரண்ட் அவ்வப்போது கண் சிமிட்டும். ஒரு தடவை போனால் கரண்ட், இரண்டு தடவை போனால் அம்மா. வீட்டுச் சட்டம் இதுதான்.

"மகாராணியைக் கூப்பிடணும்னா விளக்காலதான் சேதி அனுப்பணும்" என்று அம்மா சிரிப்பாள்.

அப்பா கடைக்குப் போயிருந்த ஒரு முற்பகலில் விளக்கு ஒரு தடவை போய் வந்தது. கரண்ட்தான் என்று அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாருடைய முழங்காலைப் பற்றியோ ஒரு டாக்டர் மென்றுகொண்டிருந்தார். அதை முடித்து, ஹெட்போனைக் கழற்றிவிட்டு, தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள். கூடத்து நாற்காலியில் அம்மா தலை சாய்ந்து கிடந்தாள். ஸ்விட்ச் அங்கிருந்து கைக்கெட்டும் தூரம். தொட்டால் கை சில்லிட்டிருந்தது. மாரடைப்பு என்றார்கள்.

வந்தவர்களெல்லாம் போய்விட்டார்கள். அந்த ஒரு தடவை மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. அது கரண்டா, இல்லை இரண்டாவது தடவைக்குக் கை எழாத அம்மாவா? பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டாள். அன்றைக்குக் கரண்ட் ஆடவே இல்லையே, மிக்ஸி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது என்றாள் அக்கா, வெள்ளந்தியாக. அப்பாவிடம் ஒன்றுவிடாமல் கொட்டினாள். ஸ்விட்சில் ஏதாவது கோளாறு இருந்தால்தான் தன்னால் இனி இந்த வீட்டில் மூச்சுவிட முடியும், நாளைக்கே எலக்ட்ரீஷியனை வரச்சொல்லிப் பார்த்துவிட வேண்டும் என்று அழுதாள். அப்பா அவள் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் ஸ்விட்ச் போர்டைத் திறந்ததுமே சொல்லிவிட்டார்.

"உள்ள ஸ்க்ரூ லூஸா இருக்கும்மா. இப்படி இருந்தா லைட்டு தானாப் போயிட்டுத் தானா வரும்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மா கூப்பிடவில்லை. கூப்பிட்டும் தான் போகாமல் இருக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போர்டுக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே வருஷக்கணக்கான தூசி அப்பிக் கிடந்தது. அந்த ஒரு ஸ்க்ரூவின் தலை மட்டும் துடைத்தாற்போல் இருந்தது, அதில் பளிச்சென்று கீறல்கள்.

திரும்பினாள். பின்னால் அப்பா நின்றிருந்தார். ஆணி அடிக்கப் போனால் சுவரையும் விரலையும் சேர்த்துப் பதம் பார்க்கிற மனுஷர் அவர். அந்த வீட்டில் பல்பு மாற்றுவதுகூட அம்மாதான். அவருடைய வலது கட்டைவிரலில் புதுசாக ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு, இனி அது தானாகப் போகாது என்று சொல்லிக் கிளம்பினார். அவளுக்குக் கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

"லூஸ்தாம்ப்பா" என்றாள்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வேலை காத்திருந்தது. ஹெட்போனை எடுத்தவள் மாட்ட மனம் வராமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா அறை வாசலில் வந்து நின்றார். இத்தனை நாள் அதைத் திட்டித் தீர்த்த மனுஷர்.

"மாட்டிக்கோம்மா" என்றார். "ஆனா இனிமே லைட்டு ஒரு தடவை போனாலும் நான்தான். எழுந்து வந்துடு."