நான்காம் நொடியில் ஒரு மூச்சு

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. துக்கம் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன்.

என் மனைவி பாடகி. மேற்கத்தியச் செவ்விசையைப் பதினோரு ஆண்டு முறையாகப் பயின்றவள். இரண்டு வயலின், ஒரு செல்லோ, ஒரு மின்கிதார் வைத்துக்கொண்டு சேம்பர் இசையையும்* பெரிய கம்பெனிகளைச் சாராத இண்டி ராக்கையும் கலந்தாள். கடைசிப் பதிவு முடிந்த மூன்றாம் வாரம் இறந்துபோனாள். (எப்படி என்பது இந்தக் கதைக்கு வேண்டாம்.)

* நாலைந்து பேர் சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய இசை. இதில் கையசைத்து நடத்த ஆள் கிடையாது. ஒருவர் மூச்சைக் கவனித்து மற்றவர்கள் தொடங்குவார்கள்.

2

முதல் வரைவில் அவள் குழுவின் கிதார்க்காரனை அழகனாக்கினேன். உண்மையில் முன்வழுக்கை. அவளை ‘அக்கா’ என்பான். பொறாமைப்படுகிறவனுக்கு இதெல்லாம் பெரிய இடைஞ்சல்.

கடைசிப் பாட்டை வெளியிட என் சம்மதம் கேட்டு வந்தான். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து போட்டுக் காட்டினான். நான்காம் நொடியில் அவள் மூச்சு இழுக்கிறாள். உடனே நால்வரும் வாசிக்கிறார்கள். அவள் சிரிக்கிறாள். பிறகு பாடுகிறாள்.

“ஏன் சிரிச்சா?”

“எங்க தப்புண்ணா. அக்கா மூச்சு எடுத்தா நாங்க உள்ள வந்துடுவோம், பழக்கம். அன்னைக்கு ஏதோ பேசத்தான் எடுத்திருக்காங்க.”

“என்ன பேச?”

“கேக்கவே இல்லண்ணா. பாட்டு அருமையா வந்துச்சா, அதுல மறந்துட்டோம். நீங்க சரின்னா அந்த மூச்சையும் சிரிப்பையும் வெட்டிடறேன்.”

“பேசுற மூச்சு எது, பாடுற மூச்சு எதுன்னு கூடவா தெரியல உனக்கு?”

“உங்களுக்குத் தெரியுமாண்ணா?”

குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

3

இங்கே எனக்கு ஒரு நல்ல பதிலை எழுத நினைத்தேன்.

[ஆறு வருடம் பக்கத்தில் படுத்தவன் நான், அவள் மூச்சு எனக்கு]

வாக்கியம் நகரவில்லை. நால்வர் அவள் மூச்சுக்காகக் காத்திருந்தார்கள். நான் காத்திருந்ததே இல்லை. அவள் வாயைத் திறந்ததும் மீதியை நானே சொல்லி முடிப்பேன். அவர்களாவது சுருதியோடு வந்தார்கள்.

4

முடிவு அ: சம்மதிக்கிறேன், வெட்டுகிறான், பாட்டு ஓடுகிறது.

முடிவு ஆ: மறுக்கிறேன், அந்த மூச்சு எனக்கு மட்டும். இதை எழுதும்போது கை வேகமாக ஓடியது. அதனாலேயே நம்பவில்லை.

முடிவு இ: ‘பாட்டைப் போடு. மூச்சை வெட்டாதே.’ கைபேசியில் தட்டி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. அனுப்பினால் நீங்களும் கேட்பீர்கள். உங்கள்மீதும் இப்போதே பொறாமையாக இருக்கிறது.

அவள் சொல்ல வந்ததை நான் எழுதமாட்டேன். அதற்கு இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்கு ஏதாவது தோன்றும். தயவுசெய்து உடனே உள்ளே வந்துவிடாதீர்கள்.

அவள் மூச்சு இழுக்கிறாள்.