கர்க்லாண்டில் ரிவோல்வர் வாங்கப் போன கதை

நகுலேஸ்வரனைத் தெரியாத தமிழ்ச்சனம் மொன்றியலில் ஆரும் இருந்தால், அவை போன கிழமைதான் பிளேனால் இறங்கியிருப்பினம். பழைய கார் வாங்கவேண்டுமோ, கடைக்கு ஒரு குளிர்ப்பெட்டி பார்க்கவேண்டுமோ, மகளுக்குக் காப்பு எடுக்கவேண்டுமோ, முதலில் அவருக்குத்தான் ரெலிபோன் போகும். துறைமுகப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற சாதாரண மனிசன்தான். ஆனால் விலை பேசத் தொடங்கினால் விக்கிறவன் கடைசியில் தன்னிலேயே பிழை பிடிக்கத் தொடங்கிவிடுவான். அப்பிடி ஒரு வாய்.

அந்த வாயை நம்பித்தான் இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு, பனி கரைந்து றோட்டெல்லாம் சேறாய்க் கிடந்த ஒரு புதன்கிழமை, மச்சான் வசீகரன் அவரை மொன்றியலின் புறநகரான கர்க்லாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். நகுலேஸ்வரனின் மனைவி செல்வமலருக்குத் தம்பி, இருபத்தேழு வயது, டவுன்டவுனில் கொம்பியூட்டர் வேலை. பெடியன் ஒரு சுடுகிற கிளப்பில் சேர்ந்து, வகுப்புக்குப் போய், சோதனை பாஸ் பண்ணி, கைத்துப்பாக்கிக்கு லைசன்சும் எடுத்துவிட்டான். இனி ஒரு துப்பாக்கி வேணும். புதிசு விலை கூட. கிளப்பில் ஒருத்தர் சொல்லி, றேமோன் என்ற ஓய்வுபெற்ற மனிசன் தன் பழைய ரிவோல்வரை விக்கப்போகிறார் என்று தெரியவந்தது. பேந்தென்ன, "அத்தான், நீங்கள்தான் வந்து விலை பேசோணும்" என்று வந்து நின்றான்.

செல்வமலருக்கு இந்தக் கண்டறியாத விளையாட்டுக் கண்ணிலும் காட்டக்கூடாது. புறப்படுவதற்கு முதல் குசினியில் வைத்துப் புருசனின் கையைப் பிடித்தாள்.

"நான் சொன்னால் அவன் கேக்கான். நீங்கள் விலை பேசி இந்த வியாபாரத்தை முறிச்சு விடுங்கோ. நானும் வாறன், பக்கத்திலை இருந்து பாக்கிறன்."

"ஓமோம், அது பெரிய வேலையே" என்றார் நகுலேஸ்வரன். வாய் சொன்னது. கையை அவளிடமிருந்து மெல்ல இழுத்துக்கொண்டு சப்பாத்தைத் தேடினார்.

அது ஏனென்று சொல்லவேண்டும். எண்பத்தாறாம் ஆண்டு ஊரில் செல்வமலரின் மூத்த அண்ணை பேரின்பநாதனை ஒரு ஆயுத இயக்கத்துப் பெடியள் வீட்டு வாசலில் வைத்து வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவன் போனதுதான். பிரேதம் கூடக் கிடைக்கவில்லை. நாலு வருசம் கழித்துக் கலியாணம் பேசி வந்தபோது செல்வமலர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள்: ஆயுதம் தூக்கினவன் எனக்கு வேண்டாம். மொன்றியலில் இருந்து நகுலேஸ்வரன் திருப்பி எழுதினார்: நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கெழுதினவன், துவக்கை எட்டத்தில் நின்று கண்டதோடு சரி. சங்கக்கடை உண்மைதான், ஆறு மாதம். அதற்குப் பிறகு பதினொரு மாதம் அவர் இயக்கத்தில் இருந்தார். அதே இயக்கத்தில். பேரின்பநாதனின் கதை அவருக்கு முழுக்கத் தெரியவந்தபோது தாலி கட்டி இரண்டு கிழமை ஆகியிருந்தது. அன்றைக்குச் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாததை அடுத்த நாள் சொல்ல முடியுமே? பதினாலு வருசம் அப்பிடியே போய்விட்டது.

றேமோன் நல்ல மரியாதையான ஆள். நிலக்கீழ் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதிரை போட்டு, செல்வமலருக்குக் கோப்பியும் கொடுத்தார். பூட்டிய இரும்புப் பெட்டியைத் திறந்து, துப்பாக்கிக்குப் போட்டிருந்த பூட்டையும் கழற்றி, மேசையில் ஒரு துவாயை விரித்து அதன்மேல் வைத்தார். கறுப்பு ரிவோல்வர், மரப்பிடி, நன்றாகத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. செல்வமலர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அறுநூறு டொலர்" என்று வசீகரன் மொழிபெயர்த்தான். "இவரின்ரை கையிலை முப்பது வருசமாம் அத்தான். ஒருநாளும் பிழை விட்டதில்லையாம். தூக்கிப் பாருங்கோ."

"எனக்கு உதுகள் தெரியாது தம்பி. நான் விலைக்கு மட்டும்தான்." கையிரண்டையும் ஜக்கெற் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டார்.

றேமோன் தானே எடுத்துக் காட்டினார். உருளையைத் திறந்து வெறுமை என்று காட்டி மூடினார். பிறகு குண்டில் அடிக்கிற பின்பக்கத்துக் குதிரையைப் பெருவிரலால் இழுத்து நிறுத்தினார். அதை இழுத்து வைத்தால் விசையை மெல்லத் தொட்டாலே சுடும், குறி தப்பாது, கிளப்பில் எல்லாரும் அப்பிடித்தான் சுடுவார்கள் என்று வசீகரன் அக்காவுக்கு விளங்கப்படுத்தினான்.

நகுலேஸ்வரன் றேமோனின் பெருவிரலைப் பார்த்தார். குதிரை நின்ற பிறகும் அந்த விரல் அதை விடவில்லை. பின்னுக்கு அணைத்துப் பிடித்துக்கொண்டே கதைத்தார், பிடித்துக்கொண்டே மெல்ல இறக்கினார். இழுத்தபோது கேட்ட சத்தமும் சரியில்லை. கணீரென்று ஒரு கிளிக் கேட்கவேண்டும். இது நமுத்த பப்படம் மாதிரி.

உள்ளே தேய்ந்துபோன சாமான். இழுத்து வைத்தால் ஆரும் முழங்கையில் தட்டினாலே தன்பாட்டில் வெடிக்கும். முகாமில் இதே மாதிரி ஒன்றால் ஒரு பெடியன் தன் முழங்காலைத் தானே சிதறடித்ததை அவர் கண்டவர். ஐயோ கடவுளே என்று மனம் கத்தியது. முகம் ஆடவில்லை.

சரி, முறிக்கத்தானே வந்தது? முறிப்பம்.

"இருநூறு எண்டு சொல்லு."

வசீகரன் வாயைப் பிளந்தான். "அத்தான்! அறுநூறு கேக்கிற மனிசனுக்கு இருநூறோ? வெக்கமாய் இருக்கும்."

"சொல்லடாப்பா."

தன்மானமுள்ள எந்த மனிசனும் கதவைக் காட்டுகிற விலை அது. றேமோனின் காது சிவந்தது. துவாயின் நுனியை இழுத்துச் சரிசெய்தார். "இருநூற்றைம்பது" என்றார்.

நகுலேஸ்வரனுக்கு வியர்த்தது. பதினைந்து வருசமாக எத்தனை பேரை விழுத்தினவர், விழக்கூடாத இடத்தில் ஒருத்தன் தன்பாட்டில் விழுகிறான். "நூற்றைம்பது. அதுக்கு மேலை ஒரு சதமும் இல்லை."

"சரி" என்றார் றேமோன். இருநூறு என்றுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஆளுக்கும் துப்பாக்கியின் பழுது தெரியும், தலையால் கழிந்தால் போதும் என்று நிற்கிறார். வேலியால் போன ஓணானைப் பிடித்து மடிக்குள் விட்டுக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது மனிசனின் பாடு.

வசீகரன் துள்ளினான். "அத்தான், நீங்கள் மனிசனே இல்லை! கிளப்பிலை சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டினம்."

கதிரையில் இருந்த செல்வமலர் புருசனைப் பார்த்த பார்வையில் பச்சைத் தண்ணி கொதிக்கும். முறிக்கச் சொன்னால் மலிவாக வாங்கிக் கொடுக்கிறாரே!

"தம்பி, அவசரப்படாதை. ஒரு கடையிலை குடுத்துக் காட்டிப்போட்டு வாங்குவம்."

வசீகரன் அதைச் சொல்ல, றேமோன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்கு வேறொருத்தர் வருகிறாராம். வேண்டுமென்றால் இப்ப, இல்லையென்றால் விடலாமாம்.

"அத்தான், நூற்றைம்பதுக்கு இதென்ன கதை? துப்பாக்கிப் பதிவுக் கந்தோருக்கு இப்பவே ரெலிபோன் எடுக்கிறன். இரண்டு பேற்றை லைசன்ஸ் நம்பரையும் குடுத்தால் அலுவல் தொடங்கியிடும். சனிக்கிழமைக்குள்ளை பேர் மாறிச்சுதெண்டால் அண்டைக்கே கிளப்புக்குக் கொண்டு போவன்." ஒரு கையில் ரெலிபோன். மற்றக் கையால் ரிவோல்வரைத் தூக்கிக் குதிரையை இழுத்து நிறுத்தினான். குழல் அவனுடைய தொடையைப் பார்த்தபடி இருந்தது. வெறும் துப்பாக்கிதான். சனிக்கிழமை வெறுமையாக இருக்காதே.

"வைக்கச் சொல்லுங்கோ அவனை" என்றாள் செல்வமலர். "ஒரு தம்பிதான் எனக்கு மிச்சம்."

அவள் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நகுலேஸ்வரன் என்ன செய்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. இரண்டு அடி வைத்தார். "இஞ்சை கொண்டா" என்றார்.

தெரியாதவன் மாதிரி, தடுமாறித் தடுமாறிப் பிடிக்கவேண்டும் என்று நினைத்துத்தான் வாங்கினார். கை அவர் சொல்லைக் கேட்கவில்லை. குழல் தன்பாட்டில் சுவருக்குத் திரும்பியது, வசீகரன் இழுத்து வைத்த குதிரை மெல்ல இறங்கியது. இடது பெருவிரல் உருளையைத் தள்ளித் திறந்தது, கண் ஆறு துவாரத்தையும் ஒரு ஓட்டத்தில் எண்ணியது, உருளை மூடியது, குதிரை திரும்பவும் பின்னுக்குப் போய் நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான்.

விசையில் விரல் வைக்காமல் துப்பாக்கியை உயர்த்திப் பிடித்து எல்லாருக்கும் காட்டினார். பிறகு மற்றப் பெருவிரலால் குதிரையைப் பின்னாலிருந்து மெல்லத் தள்ளினார்.

டக்.

"அத்தான்... நீங்கள் விசையைத் தொடவே இல்லை" என்றான் வசீகரன்.

"இல்லை. உள்ளுக்குத் தேய்ஞ்சு போச்சு. குண்டு இருந்திருந்தால் இப்ப வெடிச்சிருக்கும். இதைத்தான் நீ சனிக்கிழமை தொடைக்கு நேரை பிடிச்சிருப்பாய்." ரிவோல்வரைத் துவாயின்மேல், குழல் ஆளில்லாத பக்கம் பார்க்க வைத்தார். அதுகூடப் பழக்கம்தான்.

றேமோன் தோளைக் குலுக்கி, பழைய சாமான், தான் கவனிக்கவில்லை என்றார். சுத்தப் பொய். வசீகரனுக்கு அந்த ஆளைப் பற்றி இப்ப யோசனை இல்லை. "அத்தான், எங்கை பழகினனீங்கள் உதை?" என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டான். கேட்டபிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்து வாயை மூடினான்.

செல்வமலர் கோப்பிக் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு எழும்பினாள். "மெர்சி" என்று றேமோனுக்குச் சொன்னாள். "வாங்கோ, போவம்."

காரில் அவள் பின்னுக்கு இருந்தாள். நகுலேஸ்வரன் முன்னுக்கு. வசீகரன் காரை நெடுஞ்சாலையில் ஏற்றினான்.

"பதில் சொல்லுங்கோ" என்றாள் பிறகு. "தம்பி கேட்டவனெல்லே."

வசீகரன் பாவம், காப்பாற்றப் பார்த்தான். "படத்திலை பாத்திருப்பார் அக்கா. விடுங்கோவன்."

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் நம்பாவிட்டாலும் நம்பினமாதிரி இருந்திருப்பாள், வீடு வீடாகவே இருந்திருக்கும். நகுலேஸ்வரனுக்கு அது தெரியும். ஆனால் வாய் பதினாலு வருசம் மறைத்ததைக் கை காட்டிக்கொடுத்துவிட்டதே.

"பதினொரு மாதம்" என்றார். "எண்பத்தஞ்சு கடைசி துவங்கி."

"எந்த இயக்கம்?"

அவர் பெயரைச் சொன்னார். வசீகரனின் கையில் கார் ஒருக்கால் ஆடி நேரானது.

"அண்ணையைக் கொண்டு போன அண்டைக்கு எங்கை நிண்டனீங்கள்?"

"முகாம் வாசலிலை காவல். ஆனால் எனக்குத் தெரியாது மலர். சத்தியமாய்த் தெரியாது. அந்தக் கிழமை எத்தினையோ பேரைக் கண்ணைக் கட்டிக் கொண்டு வந்தவை. படலை திறந்து விட்டனான். ஒருத்தற்றை முகத்தையும் நான் பாக்கேல்லை. பாக்கக் கூடாதெண்டு நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"தம்பி, காரை நிப்பாட்டு."

வசீகரன் அடுத்த வழியால் இறங்கி, ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்தினான். செல்வமலர் இறங்கிச் சேற்றுக்குள் சுற்றி நடந்து வந்து, புருசனின் பக்கத்துக் கதவைத் திறந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"பாத்திருக்கலாமே" என்றாள். "ஒருக்கா நிமிந்து பாத்திருந்தால், அண்ணை உள்ளுக்கை போனவரோ, நடந்து போனவரோ, அடிச்சிருந்தவையோ, ஏதாவது ஒண்டு அம்மாவுக்குச் சொல்லியிருப்பன். பதினெட்டு வருசமாய் அந்த மனிசி கேட்டுக்கொண்டிருக்குது. பதிலுக்குக் கிட்ட நிண்ட ஒரே ஒரு ஆள் என்ரை பக்கத்திலை படுத்திருக்கிறார். அவரும் நிலத்தைப் பாத்தவராம்."

நகுலேஸ்வரன் அவளுடைய சேறு படிந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வசி, நீ போ. நாங்கள் பஸ்ஸிலை வாறம்."

"அக்கா, குளிருது. நான்..."

"போ எண்டனெல்லே!" தம்பியைப் பார்க்காமலே சொன்னாள். கதவைப் பிடித்தபடி நின்று புருசனை மட்டும் பார்த்தாள். "இறங்குங்கோ. பதினொரு மாதமும் சொல்லுங்கோ, ஒரு நாளும் விடாமல். என்னைப் பாத்துக்கொண்டு சொல்லோணும்."

அவர் இறங்கினார்.